சீனிக்குப் பதில் தேன், வெல்லம், கருப்பட்டி: கேக்கிலும் பாயசத்திலும் அளவை எப்படி மாற்றுவது?

நெய்க்கிண்ணம்:

வணக்கம். வீட்டில் வெள்ளைச் சீனியைக் கூடியவரை நிறுத்தலாம் என்று முடிவு. நல்ல மலைத்தேன் ஒரு கிலோ, உருண்டை வெல்லம், கொஞ்சம் கருப்பட்டி கையில் இருக்கின்றன. மூன்று சந்தேகங்கள்.

முதலாவது கேக். வழக்கமான அளவு மைதா 200 கிராம், வெண்ணெய் 150, சீனி 200, முட்டை 3, பால் 100 மி.லி., பேக்கிங் பவுடர் ஒன்றரை தேக்கரண்டி. 180 டிகிரியில் 40 நிமிடம். சீனிக்குப் பதில் அதே 200 கிராம் தேனை ஊற்றினால் மேலே கருகுகிறது, நடுவில் களி மாதிரி நிற்கிறது. எதைக் குறைக்க வேண்டும், எவ்வளவு?

அடுத்தது, பாயசத்தில் வெல்லம் விழுந்ததும் பால் திரிந்துபோகிறது. கடைசியாக, கடலைமிட்டாய், அதிரசம் இவற்றைத் தேனில் செய்ய முடியுமா?

வீட்டில் எட்டு மாதக் குழந்தையும் சர்க்கரை நோய் உள்ள பெரியவரும் இருக்கிறார்கள். அதையும் மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

மாவுத்தராசு:

குழந்தை விஷயம் எல்லாவற்றுக்கும் முன்னால். ஒரு வயது நிறையும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். பெரியவர்களின் குடல் அவற்றை முளைக்க விடாது, கைக்குழந்தையின் குடலுக்கு அந்தத் திறன் இன்னும் வந்திருக்காது. கேக்காக வேகவைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் கேக்கின் உள்சூடு 100 டிகிரியைத் தாண்டாது, வித்துகள் அதைத் தாங்கிவிடும். நாக்கில் தேன் தொட்டுவைக்கும் வழக்கத்துக்கும் இது பொருந்தும். பெரியவர்கள் வருத்தப்பட்டாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இனி கேக். தேனில் ஏறத்தாழ 17 முதல் 20 விழுக்காடு தண்ணீர். மலைத்தேன் பல சமயம் அதைவிட நீர்த்திருக்கும். மீதியில் பெரும்பகுதி பிரக்டோஸும் குளுக்கோஸும். பிரக்டோஸ் சீனியைவிட இனிப்பானது, குறைந்த சூட்டிலேயே நிறம் மாறக்கூடியது, ஈரத்தை இழுத்துப் பிடித்துவைப்பது. தேனுக்குப் புளிப்பும் உண்டு, பிஎச் அளவு 4-ஐ ஒட்டி இருக்கும். உங்கள் கேக்கில் நடந்தது முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

எடைக் கணக்கில் 100 கிராம் சீனிக்கு 80 முதல் 85 கிராம் தேன். உங்கள் 200-க்கு 170 கிராம், அதாவது 240 மி.லி. கப்பில் சரியாக அரை கப். தேன் கனமானது, ஒரு கப் 340 கிராம் நிற்கும். சீனியோ ஒரு கப்புக்கு 200 கிராம்தான். கப்புக்குக் கப் மாற்றுகிறவர்களுக்குக் கேக் கெட்டுப்போவது இதனால்தான். தராசு இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

170 கிராம் தேனில் சுமார் 30 மி.லி. தண்ணீர் இருக்கிறது, அதைப் பாலில் கழியுங்கள். 100 மி.லி. பால் 70 ஆகும். தேன் தண்ணீர்போல ஓடுகிறது என்றால் 60. புளிப்பைச் சமன் செய்ய சமையல் சோடா கால் தேக்கரண்டியில் பாதி. அதற்கு மேல் போனால் சோப்பு வாசம் வரும், நிறமும் இன்னும் கறுக்கும். அடுப்புச் சூடு 160 முதல் 165 டிகிரி. நேரம் 50 நிமிடம்வரை போகலாம். 25 நிமிடம் ஆனதும் மேல்பக்கத்தைப் பாருங்கள், சிவந்திருந்தால் அலுமினியத் தாளைத் தளர்வாக மூடிவிடுங்கள். நிறத்தை வைத்து வெந்துவிட்டது என்று எடுத்துவிடாதீர்கள். நடுவில் குத்திய குச்சி ஈர மாவு ஒட்டாமல் வர வேண்டும்.

இவ்வளவு செய்தாலும் ஒரு குறை நிற்கும். வெண்ணெயும் சீனியும் சேர்த்து அடிக்கும்போது சீனியின் படிகங்கள் வெண்ணெய்க்குள் காற்றுத் துளைகளை உண்டாக்குகின்றன. கேக் எழும்புவது பெரும்பாலும் அந்தக் காற்றால்தான், பேக்கிங் பவுடர் அந்தத் துளைகளைப் பெரிதாக்கத்தான் செய்கிறது. தேனில் படிகம் இல்லை. அதனால் வெண்ணெயை மட்டும் தனியாக 4, 5 நிமிடம் வெளுக்கும்வரை அடித்து, தேனை நூல்போல ஊற்றிக்கொண்டே அடித்து, பிறகு முட்டையை ஒவ்வொன்றாகச் சேருங்கள். மூன்றாவது முட்டையில் கலவை திரிந்த மாதிரித் தெரிந்தால் ஒரு மேசைக்கரண்டி மைதா போட்டால் கூடிவிடும். அப்படியும் கேக் கொஞ்சம் கனமாக, ஈரமாகத்தான் வரும்.

என் கருத்து: முழுவதும் தேன் வேண்டாம். 85 கிராம் தேனும் 100 கிராம் நாட்டுச் சர்க்கரையும் போடுங்கள். நாட்டுச் சர்க்கரையைச் சலித்துக் கட்டியில்லாமல் வெண்ணெயோடு அடித்தால் காற்றும் கிடைக்கும், தேனின் மணமும் கிடைக்கும். பால் 85 மி.லி., சோடா ஒரு சிட்டிகை, சூடு 170 டிகிரி.

பதம்_பார்ப்பவர்:

பாயசத்துக்கு நான் சொல்றேன்.

வெல்லத்தில் கொஞ்சம் புளிப்பும் உப்புச்சத்துகளும் உண்டு. பால் கொதிக்கிற சூட்டில் இருக்கும்போது அது விழுந்தா பாலின் புரதம் திரண்டுடும். பழைய வெல்லம், மழைக்காலத்தில் கசிஞ்ச வெல்லம்னா புளிப்பு இன்னும் கூட, சீக்கிரம் திரியும்.

200 கிராம் வெல்லத்தைத் தட்டி 60 மி.லி. தண்ணீர் விட்டுக் கரைச்சு, வடிகட்டி, ரெண்டு மூணு நிமிடம் கொதிக்க விட்டு இறக்கி வைங்க. வடிகட்டாம விட்டா மண்ணு பல்லில் கடிபடும். பாயசத்தையும் அடுப்பிலிருந்து இறக்கிப் பத்து பதினஞ்சு நிமிடம் ஆற விடுங்க. ரெண்டும் கை பொறுக்கிற சூட்டுக்கு வந்ததும் பாகைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திக் கலக்குங்க. அதுக்கப்புறம் அடுப்பில் ஏத்தக் கூடாது. சூடா வேணும்னா வெந்நீர்ப் பாத்திரத்துக்குள்ள வைங்க, கொதிக்க விட வேண்டாம். சிலர் அரை லிட்டர் பாலுக்கு ஒரு சிட்டிகை சோடா போடுவாங்க. திரியாதுங்கிறது உண்மைதான், ஆனா பாலின் ருசி மாறிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

கவலையே வேண்டாம்னா தேங்காய்ப்பாலுக்கு மாறிடுங்க. இரண்டாம் பாலில் வேகவச்சு, வெல்லம் சேர்த்து, இறக்கின பிறகு முதல் பால். முதல் பாலைக் கொதிக்க விட்டா அதுவும் எண்ணெய் பிரிஞ்சுடும்.

இன்னொரு தப்பு நிறையப் பேர் செய்றாங்க. அரிசியும் பருப்பும் குழைய வேகுறதுக்கு முன்னாடியே வெல்லத்தைப் போட்டுடறாங்க. வெல்லம் விழுந்த பிறகு எவ்வளவு நேரம் வச்சாலும் பருப்பு வேகாது, விதை மாதிரியே நிக்கும். சர்க்கரைப் பொங்கல், பாசிப்பருப்புப் பாயசம், கேசரி மூணுக்கும் இதே விதி. கேசரிக்கு ரவை முதலில் தண்ணீரில் முழுசா வெந்து பூக்கணும், அப்புறம்தான் பாகு. பாகில் இருக்கிற தண்ணீரையும் கணக்கில் எடுத்து, ரவைக்கு விடற தண்ணீரில் கால் கப் குறைச்சுக்கோங்க.

அளவு: 100 கிராம் சீனிக்கு 110 முதல் 120 கிராம் வெல்லம். பளபளன்னு மஞ்சளா இருக்கிற வெல்லம் ரசாயனம் போட்டு வெளுத்ததா இருக்க வாய்ப்பு அதிகம். கருஞ்சிவப்பா இருக்கிறதை வாங்குங்க.

தேனில் கடலைமிட்டாய் வராது. கடலைமிட்டாய்ப் பாகு 146 டிகிரிக்கு மேல போகணும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டா கல்லாகி, எடுத்து ஒடிச்சா 'டக்'னு உடையணும். தேன் அந்தச் சூட்டுக்குப் போறதுக்குள்ள கருகிக் கசக்க ஆரம்பிச்சுடும். அப்படியே எட்டினாலும், ஆறின பிறகு காத்தில் இருக்கிற ஈரத்தை இழுத்துப் பிசுபிசுன்னு ஆயிடும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் வெல்லப் பாகில்தான் நிக்குது. வறுத்துத் தோல் நீக்கின கடலை 200 கிராமுக்கு வெல்லம் 150 கிராம், தண்ணீர் மூணு மேசைக்கரண்டி, சின்னத் தீ.

அதிரசத்துக்கு எதிர்க் கணக்கு. 112 முதல் 116 டிகிரி, தண்ணீரில் விட்டா கையில் மெத்துன்னு உருட்ட வரணும். அதைத் தாண்டினா அதிரசம் கல்லு, முன்னாடியே எடுத்தா எண்ணெயில் பிரிஞ்சு போகும். மாவு பச்சரிசி அரை கிலோவுக்கு வெல்லம் 375 முதல் 400 கிராம். இங்கேயும் தேன் உதவாது, வெல்லப் பாகு ஆறும்போது இறுகி மாவைப் பிடிக்கிற மாதிரி தேன் பிடிக்காது. பாகு நல்லா வரணும்னா எலுமிச்சைச் சாறு பக்கமே வரக் கூடாது. புளிப்பு பட்டா பாகு இறுகாது.

பனங்கட்டி_முற்றம்:

கருப்பட்டி இருக்கெண்டு எழுதியிருக்கிறியள், அதைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. யாழ்ப்பாணத்தில நாங்கள் பனங்கட்டி எண்டு சொல்லுறது அதைத்தான். வெல்லத்தின்ர அளவையே இதுக்கும் எடுக்கலாம், ஆனால் மணம் கூட, லேசான உவர்ப்பும் இருக்கும். கேக்குக்குப் போட்டால் வனிலாவை விட்டிடுங்கோ, ரெண்டும் ஒத்துப்போகாது. ஏலக்காய், சுக்கு, சாதிக்காய் நல்லாச் சேரும். உடைச்சுத் துருவித்தான் அளக்க வேணும். கட்டியாப் போட்டால் கேக்குக்குள்ள கறுப்புப் புள்ளியாய் நிண்டு ஈரம் கசியும்.

கருப்பட்டியை அப்பிடியே காட்டுற பண்டம் வட்டிலப்பம். இலங்கையில அது கித்துள் எண்ட ஒரு வகைப் பனையின்ர கருப்பட்டியில செய்யிறது. 250 கிராம் கருப்பட்டியைக் கால் கப் தண்ணியில கரைச்சு வடிச்சு நல்லா ஆற விடுங்கோ. சூடாய் ஊத்தினால் முட்டை அவிஞ்சு திரள்திரளாய் வரும். ஆறு முட்டையை நுரை எழும்பாமல் கலக்கி, 250 மி.லி. கட்டித் தேங்காய்ப்பால், ஏலக்காய், கொஞ்சம் சாதிக்காய் சேர்த்துத் திரும்பவும் வடியுங்கோ. ஆவியில 35 முதல் 40 நிமிடம், தீ மெல்லிசாய் இருக்க வேணும். ஆவி பலமாய் வந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாய் வந்து தண்ணி விடும். மூடியில இருந்து சொட்டாமல் பாத்திரத்தை எண்ணெய்த் தாளால மூடிவிடுங்கோ. பனங்கட்டியிலும் நல்லா வரும். தேன் போட்டால் இறுக்கம் குறையும், கருப்பட்டி மணமும் இல்லை. அது வேற பண்டம்.

நெய்க்கிண்ணம்:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு கேள்வி மிச்சம். தேனைச் சூடாக்கினால் நஞ்சு என்கிறார்களே? சர்க்கரை நோய்க்காரர் தேன் கேக் சாப்பிடலாமா?

மாவுத்தராசு:

தேனைச் சூடாக்கக் கூடாது என்பது ஆயுர்வேதம் சொல்லும் விதி. வேதியியல் பக்கத்திலிருந்து பார்த்தால், சூட்டில் ஹைட்ராக்ஸிமெத்தில்ஃபர்ஃபுரல் என்ற பொருள் கூடுகிறது. பன்னாட்டுத் தரவிதி ஒரு கிலோ தேனுக்கு 40 மில்லிகிராம், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 என்று வரம்பு வைத்திருப்பது, தேன் பழையதா, அதிகம் காய்ச்சப்பட்டதா என்று கண்டுபிடிக்கத்தான். வறுத்த காப்பிக் கொட்டையிலும் ரொட்டியின் மேற்பொருக்கிலும் அதே பொருள் உண்டு. கேக்கில் போன தேன் நஞ்சாவதில்லை, ஆனால் மணமும் நொதிகளும் போய்விடும். அதனால் மலைத்தேனை அடுப்பில் வீணாக்காதீர்கள். கேக்குக்குச் சாதாரணத் தேன் போதும். மலைத்தேனைச் சூடு காட்டாத பண்டங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வறுத்து அரைத்த தினைமாவு ஒரு கப்புக்கு மூன்று, நான்கு மேசைக்கரண்டி தேன், அல்லது வாழைப்பழமும் பேரீச்சையும் பிசைந்த பஞ்சாமிர்தம்.

பெரியவர் விஷயத்தில் ஏமாற வேண்டாம். ஒரு மேசைக்கரண்டி தேன் 21 கிராம், அதில் சர்க்கரை ஏறத்தாழ 17 கிராம். அதே கரண்டிச் சீனி 12 முதல் 13 கிராம்தான். கரண்டிக்குக் கரண்டி மாற்றினால் தேனில்தான் அதிகம் போகிறது. வெல்லமும் கருப்பட்டியும் பெரும்பாலும் சர்க்கரைதான், கொஞ்சம் தாதுச்சத்து இருக்கிறது என்பதற்காக மருத்துவர் கொடுத்த அளவைத் தாண்ட முடியாது. செய்யக்கூடியது மொத்த இனிப்பைக் குறைப்பதுதான். இந்தக் கேக் கால் பங்கு இனிப்புக் குறைவைத் தாங்கும். அதற்குக் கீழே போனால் வறண்டு உதிரும்.

பேரீச்சையில் செய்தால் நார்ச்சத்தாவது மிஞ்சும். கொட்டை நீக்கியது 200 கிராம், கொதிநீர் 120 மி.லி., அரைத் தேக்கரண்டி சோடா. அரை மணி நேரம் ஊறினால் சோடாவில் தோல் இளகும், பிறகு அரையுங்கள். இந்த விழுதை வெண்ணெயோடு அடித்தால் காற்று ஏறாது. அதனால் வெண்ணெய்க்குப் பதில் 120 மி.லி. எண்ணெய், முட்டை 3, பால் 50 மி.லி., மைதா 200, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி. சோடா ஏற்கெனவே விழுதில் இருப்பதால் தனியாக வேண்டாம். 165 டிகிரியில் 45 நிமிடம், துண்டைச் சின்னதாக வெட்டிக் கொடுங்கள்.

பதம்_பார்ப்பவர்:

பிஸ்கட் யாரும் கேக்கலை, ஆனா அடுத்து அதுக்குத்தான் வருவீங்க. மொறுமொறுப்பு வேணும்னா தேன் வேண்டாம். முதல் நாள் நல்லா இருக்கும், டப்பாவில் வச்சு மறுநாள் எடுத்தா மெத்துன்னு வளையும். நாட்டுச் சர்க்கரையை வெயிலில் கொஞ்சம் காயவச்சுப் பொடிச்சுச் சலிச்சுப் போடுங்க. கேழ்வரகு மாவு 100, கோதுமை மாவு 100, வெண்ணெய் 110, நாட்டுச் சர்க்கரை 90 கிராம். மாவு சேரலைன்னா மட்டும் பால் ஒரு மேசைக்கரண்டி. கேழ்வரகு மாவைப் பச்சை வாசம் போக முதலில் வறுத்து ஆற வைக்கணும், சூடா போட்டா வெண்ணெய் உருகி பிஸ்கட் பரந்துடும். 160 டிகிரியில் 18 முதல் 20 நிமிடம். எடுக்கும்போது மெத்துன்னுதான் இருக்கும், ஆறினாத்தான் மொறுமொறுப்பு வரும்.