ஏஐ ஏசி: யூனிட் கணக்கு எடுத்துப் பார்த்தவர்கள் உதவ வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். பெற்றோரின் படுக்கையறைக்கு ஒன்றரை டன் ஏசி வாங்க இருக்கிறோம். கடையில் ஒரே நிறுவனத்தின் இரண்டு ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் மாடல்களைக் காட்டி, ஒன்றில் 'ஏஐ' என்று ஒட்டியிருப்பதற்குச் சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள். மின்கட்டணம் பாதியாகக் குறையும் என்றும் அடித்துச் சொல்கிறார்கள். எதோடு ஒப்பிட்டுப் பாதி என்று கேட்டால், விளம்பரத் தாளையே மறுபடியும் நீட்டுகிறார்கள்.

மத்திய அரசின் எரிசக்தி சிக்கன அமைப்பான பிஇஇ-யின் நட்சத்திர லேபிளில், ஆண்டுக்கு 1600 மணி நேரம் ஓடுவதாக வைத்துக் கணக்கிட்ட யூனிட் அளவு அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டு மாடல்களிலும் அந்த எண்ணில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. அறை குளிர்ந்ததும் கம்ப்ரசரின் வேகத்தைக் குறைப்பது எல்லா இன்வெர்ட்டர் ஏசிகளும் செய்கிற வேலைதான் என்பதால், அதற்கு மேல் இந்த ஏஐ என்ன செய்கிறது என்பது விளங்கவில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்த பணம் என்பதால் எனக்குக் கவலை அதிகம்.

ஒரே அறையில், 24 டிகிரியில், ஏஐ வசதியைச் சில இரவுகள் போட்டும் சில இரவுகள் அணைத்தும் யூனிட் கணக்கு எடுத்தவர்கள் இருந்தால், மாடல், ஊர், மாதம் ஆகியவற்றோடு தெரிவிக்க வேண்டுகிறேன். வைஃபை இல்லாத வீட்டில் அது வேலை செய்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.