வேடந்தாங்கல்: நீரில் நிற்கும் மரங்களில் கூடுகள் ஏன்?

கேள்வி:
வணக்கம். தை மாதத்தில் வேடந்தாங்கல் சென்றிருந்தபோது, நத்தைகுத்தி நாரைகளும் நீர்க்காகங்களும் ஏரி நீருக்குள் நிற்கும் மரங்களிலேயே நெருக்கியடித்துக் கூடு கட்டியிருந்ததைக் கண்டேன். இதற்குக் காரணம் என்ன? அம்மரங்கள் அழுகாமல் நிற்பது எப்படி?

மறுமொழி 1:
சுற்றிலும் நிற்கும் நீரே அவற்றுக்கு அரண். காட்டுப்பூனையும் கீரியும் முட்டைகளை எளிதில் நெருங்க இயலாது. அங்கு மிகுதியாக உள்ள நீர்க்கடம்பு, மாதக்கணக்கில் வேர் மூழ்கியிருந்தாலும் தாங்கும் மரம்.

மறுமொழி 2:
நத்தைகுத்தியின் அலகைத் தொலைநோக்கியில் பார்த்தீர்களா? மூடியிருக்கும்போதும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பிடித்ததும், கீழலகின் கூர்நுனியை ஓட்டுக்குள் செலுத்தித் தசையை அறுத்து வெளியே இழுத்துவிடும். ஓடு பெரும்பாலும் உடையாமலே கிடக்கும். இந்த நத்தைகளைச் சுற்றுப்புற நெல்வயல்களிலும் அது தேடுவதால், ஏரியை மட்டும் காப்பது போதாது என்றே கருதுகிறேன்.

மறுமொழி 3:
பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாவதை அறிந்த ஊரார், தலைமுறை தலைமுறையாக வேட்டையைத் தடுத்து வந்தனர். அவர்களது அந்த உரிமையை 1798இல் அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ் எழுத்து மூலம் ஏற்றார். 2022இல் இவ்விடம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.