பேன் எஃப் 50 ஃபிலிம் கழுவின அனுபவம் யாருக்காச்சும் இருக்கா?

மக்களே ஒரு ஹெல்ப். போன தை மாசம் மாமல்லபுரம் போய் அர்ச்சுனன் தபசை இல்ஃபோர்ட் கம்பெனியோட பேன் எஃப் பிளஸ்ங்கற கருப்பு வெள்ளை ஃபிலிம்ல 2 ரோல் எடுத்தேன், கல்லோட சொரசொரப்பு கிரெய்ன்ல (ஃபிலிம்ல தெரியற பொடிப் புள்ளிகள்) கரையாம வரணும்னுதான் ஐஎஸ்ஓ 50, காலை வெயில்ல எஃப் 8, 1/60, மூச்ச புடிச்சிக்கிட்டு கைலயே எடுத்தது.

அப்புறம் சோம்பேறித்தனம், ரோலை டிராயர்ல போட்டு 7 மாசம் மறந்துட்டேன். இந்த ஃபிலிம்ல எடுத்த படம் கழுவாம வச்சா மங்கிடுமாம், 3 மாசத்துக்குள்ள கழுவுங்கன்னு கம்பெனியே சொல்லியிருக்கான், நான்தான் லேட்டா படிச்சேன். முதல் ரோலை ஐடி-11 டெவலப்பர்ல (கழுவற கெமிக்கல்) ஒரு பங்குக்கு ஒரு பங்கு தண்ணி கலந்து, அதாவது 1+1ல, 20 டிகிரில 8½ நிமிஷம் கழுவினேன், ஃபிலிம் ஓரத்துல வர்ற ஃபிரேம் நம்பரே தேடித்தான் பாக்கணும், யானை வயித்துக்கு கீழ நிழல் இருக்கற இடம் நெகட்டிவ்ல ஒண்ணும் பதியாம வெறும் கண்ணாடி மாதிரி இருக்கு.

இன்னொரு ரோல் இன்னும் கழுவல. டைம கூட்டலாமா? ஏற்கனவே கான்ட்ராஸ்ட் எகிறற ஃபிலிம், வெயில் பட்ட பாறை மொத்தமா வெளுத்துடுமோன்னு பயமா இருக்கு. இல்ல ரோடினல்ங்கற இன்னொரு டெவலப்பரை 1+100னு கலந்து அதுல ஆட்டாம ஒரு மணி நேரம் விட்டா நிழல் கொஞ்சமாவது தேறுமா? நம்ம குழாய்த் தண்ணி வேற 30 டிகிரி, ஐஸ் போட்டுத்தான் இறக்கறேன், ஒரு மணி நேரம் 20லயே எப்படி நிறுத்தறீங்க?