வாய்க்கால் கரையில் இரண்டு பேயத்திகள்

அம்மா, காலை 7:12
அண்ணா, வீட்டின் பின்னால் வாய்க்கால் கரையில் புதராக வளர்ந்திருக்கும் இரண்டு செடிகளின் படங்களை அனுப்பியிருக்கிறேன். அடித்தண்டிலேயே கொத்துக் கொத்தாகக் காய்ப்பதால் அத்தி என்று நினைத்தேன். ஒன்றில் காயைப் பிளந்தால் பூச்சிதான் இருக்கிறது. அதை வெட்டிவிடலாம் என்கிறான் பெரியவன்.

பெரிய மாமா, காலை 7:41
வெட்ட வேண்டாம், தங்கச்சி. இது நாட்டத்தி அன்று, பேயத்தி. நாட்டத்தி, ஆல், அரசு ஆகியவற்றில் இலைகள் மாறி மாறி ஒவ்வொன்றாக வரும். பேயத்தியிலோ பெரும்பாலும் இரண்டிரண்டாக எதிரெதிரே நிற்கும். அத்தி இனங்களில் இது அரிய அமைப்பு என்பதால், காயே இல்லாத பருவத்திலும் இதை அடையாளம் காணலாம். இலை உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். இளந்தண்டை ஒடித்தால் பால் வடியும், கணுக்களுக்கு இடைப்பட்ட தண்டு உள்ளே வெற்றுக்குழலாக இருக்கும். 1782-இல் தாவரவியலாளர் லின்னேயசின் மகன் இதற்கு ஃபைகஸ் ஹிஸ்பிடா என்று பெயரிட்டார். ஹிஸ்பிடா என்றால் விறைத்த மயிருடையது என்று பொருள்.

நான், காலை 7:50
பூச்சி இருப்பது நோயா, மாமா? அத்தி பூத்தாற்போல என்கிறோம். பூவை நான் பார்த்ததே இல்லை.

பெரிய மாமா, காலை 8:16
நோய் இல்லையம்மா. நாம் காய் என்று சொல்வதே உட்பக்கம் குழிந்த பூங்கொத்துதான். பூக்கள் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. நாட்டத்தியில் ஆண்பூவும் பெண்பூவும் ஒரே காய்க்குள் இருக்கும். பேயத்தியில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் செடியின் காயில் மகரந்தம் தரும் பூக்களோடு, சூல்தண்டு (சூலகத்தின் மேல் நீளும் தண்டு) குட்டையான பூக்களும் இருக்கும். நீங்கள் பார்த்த பூச்சி அத்திக் குளவி; அது முட்டையிடுவது அந்தக் குட்டைப் பூக்களில்தான். அங்கே பிறந்த பெண் குளவி, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியேறி, வேறொரு காயின் வாய்த்துளைக்குள் சிறகு முறிய நுழைகிறது. அது பெண் செடியின் காயாக இருந்துவிட்டால், சூல்தண்டுகள் நீளமாக இருப்பதால் முட்டையிடும் ஊசி எட்டாமல், பூக்களுக்கு மகரந்தத்தை மட்டும் கொடுத்துவிட்டு உள்ளேயே இறந்துபோகிறது. எத்தனை ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருந்தாலும், இந்த இடம் வரும்போது அந்தக் குளவியை நினைத்து என் மனம் இளகிவிடும்.

அண்ணன், காலை 8:30
அப்படியானால் பூச்சி உள்ள செடியை வெட்டினால் மற்றதும் விதை பிடிக்காதா, மாமா?

பெரிய மாமா, காலை 8:34
பக்கத்தில் வேறு ஆண் செடி இல்லையென்றால் பிடிக்காது. பெண் செடியின் பழத்தைத் தின்ன வரும் வௌவால்கள்தான் விதையைப் பல இடங்களுக்குக் கொண்டுபோகின்றன. அவற்றுக்கும் இரை குறையும்.

அம்மா, மாலை 5:20
இரண்டிலும் ஒவ்வொரு காயைப் பறித்துப் பிளந்து பார்த்தேன், அண்ணா. ஒன்றில் கசகசா போல விதைகள் நிறைந்திருந்தன. மற்றதிலிருந்து கறுப்பாகச் சிறு குளவிகள் வெளியே வந்து, என் விரலில் சற்றே நின்றுவிட்டுப் பறந்துபோயின.