செல் அழுத்தமா, செல் திணறலா? தமனித் தடிப்பு நோய்க்கான சொற்கள்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம். தமனிச் சுவரில் கொழுப்பு படிந்து தடிக்கும் நோயைப் (அதிரோஸ்கிளிரோசிஸ்) பற்றிய கட்டுரையில் ‘செல் ஸ்ட்ரெஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பேசிக்கொண்டிருந்தோம். நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டார்:

> ‘செல் அழுத்தம்’ என்றே வைத்துக்கொள்ளலாமே. மன அழுத்தம் என்று எல்லோரும் சொல்கிறோம், பழகிய சொல்தானே.

பழகிய சொல்தான். வேறொரு நோயைப் பற்றிய கட்டுரையாக இருந்தால் நானும் சரி என்று விட்டிருப்பேன். ஆனால் தமனித் தடிப்பு நோயைப் பற்றி எழுதும்போது இரத்த அழுத்தம் பக்கத்துக்குப் பக்கம் வரும். ‘தமனிச் சுவரில் உள்ள செல்கள் அழுத்தத்தால் இறக்கின்றன’ என்று எழுதினால், இரத்தம் சுவரை நெருக்குகிறது, செல்கள் நசுங்குகின்றன என்றுதான் படிப்பவர் நினைப்பார். அவர் மேல் தவறில்லை, சொல் அப்படித்தான் இழுத்துக்கொண்டு போகும். இயற்பியலில் ஸ்ட்ரெஸ் என்பதற்கு வழங்கும் ‘தகைவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்றார் இன்னொரு நண்பர். அதிலும் இதே சிக்கல். ஓடும் இரத்தம் தமனியின் உட்சுவரை உரசுவதால் உண்டாகும் தகைவுக்கும் இந்த நோயில் பங்கு உண்டு. ஆக இரண்டு சொற்களுமே இந்த இடத்தில் வேறு வேலையில் இருக்கின்றன.

எனவே ஸ்ட்ரெஸ் என்ற சொல்லை ஒதுக்கி வைத்துவிட்டு, செல்லுக்குள் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைப்போம்.

தமனிச் சுவரில் தங்கிவிட்ட கொழுப்புத் துகள்களைப் பெருவிழுங்கிகள் (மேக்ரோஃபேஜ் எனும் நோயெதிர்ப்புச் செல்கள்) விழுங்குகின்றன. உள்ளே போன கொலஸ்டிராலைக் கொழுப்பு அமிலத்தோடு இணைத்துச் சொட்டுகளாகச் சேமித்து வைக்கின்றன. நுரை பொங்கியது போலத் தெரிவதால் அந்த நிலையில் அவற்றுக்கு நுரைச் செல்கள் என்று பெயர். இதுவரை செல் ஓரளவு சமாளிக்கிறது. சேமிக்க முடியாமல் மிஞ்சும் கொலஸ்டிரால், செல்லுக்குள் புரதங்கள் வடிவம் பெறும் இடமான எண்டோபிளாச வலையின் சவ்வில் ஏறும்போதுதான் ஆபத்து. அந்தச் சவ்வில் இயல்பாகவே கொலஸ்டிரால் மிகக் குறைவு, அதனால் அது நெகிழ்வாக இருக்கும். கொலஸ்டிரால் ஏற ஏற விறைக்கிறது. சவ்வில் பதிந்திருக்கும் கால்சியம் ஏற்றிகள் தடுமாறுகின்றன, வலைக்குள் கால்சியம் இருப்பு குறைகிறது. புரதங்களைச் சரியான வடிவத்துக்குக் கொண்டுவரும் துணைப் புரதங்களுக்குக் கால்சியம் வேண்டும். அது இல்லாமல் அரைகுறைப் புரதங்கள் குவிகின்றன. பெருவிழுங்கிகளில் கொலஸ்டிராலின் நச்சு விளைவு தொடங்கும் இடம் இந்த வலைதான் என்று 2003-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஐரா டாபாஸ் குழு காட்டியது.

வந்து குவியும் வேலைக்கும் செய்யக்கூடிய வேலைக்கும் இடையே விழும் இடைவெளிதான் இங்கே ஸ்ட்ரெஸ். இதைத் தமிழில் ‘திணறுகிறது’ என்போம். என் முன்மொழிவு அதுதான்: திணறல்.

இது வினையிலிருந்து வந்த சொல் என்பது எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது. செல் திணறுகிறது, திணறும் செல், கொலஸ்டிரால் வலையைத் திணறடிக்கிறது என்று எல்லா வடிவமும் தானாக வருகின்றன. உடலின் நிலையை ஸ்ட்ரெஸ் என்றும் அதை உண்டாக்குவதை ஸ்ட்ரெசர் என்றும் ஸ்ட்ரெஸ் ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செலியே பிரித்தாரே, அந்த வேறுபாட்டைத் திணறல், திணறலூட்டி என்று நாமும் காட்டலாம். ‘அழுத்தம்’ என்றால் ‘செல் அழுத்தப்படுகிறது’ என்று எழுத வேண்டும், அது பொருளையே மாற்றிவிடும்.

> திணறல் என்றாலே மூச்சுத்திணறல்தான் நினைவுக்கு வருகிறது. ஆக்சிஜன் குறைவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

நியாயமான கேள்வி. தமனிச் சுவரில் சேரும் கொழுப்புப் படிவுகள் முற்றும்போது அவற்றின் உட்பகுதியில் ஆக்சிஜன் குறைவும் உண்டு என்பதால் குழப்பம் வரத்தான் செய்யும். அதனால் ‘செல் திணறல்’ என்பதைப் பொதுச் சொல்லாக வைத்துக்கொண்டு, எண்டோபிளாச வலையைக் குறிக்க ‘வலைத் திணறல்’ என்றே எழுதலாம். இடத்தைச் சேர்த்துச் சொன்னால் மூச்சின் நினைவு விலகிவிடும்.

இதைவிட என்னைக் கவலைப்பட வைத்தது ‘மடி’ என்ற வேர். புரத மடிப்பு என்கிறோம், வடிவம் பெறாததை மடியாப் புரதம் என்கிறோம். செல் தன்னைத்தானே ஒழுங்காக அழித்துக்கொள்ளும் அப்போப்டோசிஸுக்குத் தன்மடிவு என்று ஒரு சொல் புழங்குகிறது. இரண்டையும் ஒரே வரியில் வைத்துப் பாருங்கள்: ‘மடியாப் புரதங்கள் மிகுந்தால் செல் மடிகிறது.’ மடியாதது என்றால் சாகாதது என்றும் பொருள். இந்தத் துறையில் இவ்விரண்டு கருத்துகளும் எப்போதும் அருகருகே வருபவை, ஆகவே ஒன்று விலகியே ஆகவேண்டும்.

நான் தன்மடிவை விலக்குவேன். அப்போப்டோசிஸ் என்பது இலையும் இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கெர், வைலி, கரீ என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1972-இல் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்று தனிப்பெயர் வைத்த மொழி நம்முடையது, ‘வீதல்’ என்றால் சாதல். அந்த வேரையே எடுக்க ஆசைதான், ஆனால் ஓரெழுத்துச் சொல் கட்டுரையில் நிற்காது. ‘செல்லுதிர்வு’ எல்லோருக்கும் புரியும். தோலில் செல்கள் உதிர்வதோடு குழம்பலாம் என்பது உண்மை, தமனியைப் பற்றிய கட்டுரையில் அந்தத் தொல்லை குறைவு. ‘செல் தற்கொலை’ மட்டும் வேண்டாம்.

சரி, எழுதிப் பார்த்தேன்:

‘வலைத் திணறல் தொடங்கியதும் செல் புதுப் புரத உற்பத்தியைக் குறைக்கிறது, துணைப் புரதங்களைக் கூட்டுகிறது. திணறல் நீடித்தால் சாப் என்ற புரதம் மிகுந்து செல்லுதிர்வைத் தூண்டுகிறது. தொடக்க நிலைப் படிவில் உதிர்ந்த பெருவிழுங்கிகளை அண்டைச் செல்கள் உடனே விழுங்கி அகற்றுகின்றன, தீங்கில்லை. முற்றிய படிவில் அந்த அகற்றல் தவறுகிறது. எஞ்சியவை சிதைந்து, இறந்த செல்களின் குவியலான நசிவுக் கரு வளர்கிறது, படிவை மேலே மூடியிருக்கும் நார்மூடி மெலிகிறது. அது கிழிந்தால் இரத்தம் உறைந்து தமனி அடைபடும்.’

எனக்குத் தடங்கல் இல்லாமல் ஓடுகிறது. ஒரே ஓர் இடம் பாக்கி. உதிர்ந்த செல்லை விழுங்கி அகற்றுவதற்கு, பிணத்தை அடக்கத்துக்கு எடுத்துச் செல்வதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து எஃபெரோசைடோசிஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை வைத்து ‘செல்லடக்கம்’ என்று யோசித்தேன். ‘செல்லை உள்ளடக்கியது’ என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. ‘உதிரெடுப்பு’ என்றும் ஒன்று தோன்றியது. மேலே உள்ள பத்தியில் இரண்டையும் பொருத்திப் படித்துவிட்டு, எது இடறுகிறது என்று சொல்லுங்கள்.

அன்புடன்.