அஸ்னல்கோயார்: சேறு அள்ளிய நிலத்தில் மண் மாதிரி எடுப்பது எப்படி? (புனைபெயர்களில் மூவர் பேச்சு)

மண்வெட்டி: ஸ்பெயினில் 1998 ஏப்ரல் 25 அன்று அஸ்னல்கோயார் சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து, பைரைட் (இரும்பு சல்ஃபைடு கனிமம்) சேறு குவாதியமார் ஆற்றோரம் சுமார் 40 கி.மீ. படர்ந்ததே, அதை வைத்து வகுப்புக்கு ஒரு மண் மாதிரி எடுக்கும் திட்டம் போடுகிறேன். சேறு அள்ளிய பிறகான நிலை. 100 மீட்டர் கட்டத்துக்கு ஒரு புள்ளி, ஆழம் 0–20 செ.மீ. போதுமா?

களிமண்: ஆழம்தான் இடிக்கிறது. சேற்றில் ஆர்சனிக் கிலோவுக்கு 3,000 மி.கி., அடிமண்ணில் 20 என்று வையுங்கள். மேலே 2 செ.மீ. சேறு மிஞ்சியிருந்தால் 20 செ.மீ. கலவை 318 காட்டும். லேசாக வழித்தால் தீரும் வேலைக்கு 20 செ.மீ. தோண்டச் சொல்வீர்கள். மிஞ்சிய சேற்றைத் தனியாக எடுங்கள். பிறகு 0–10, 10–30, 30–50. ஆகர் (திருகி இறக்கும் மண் துளைப்பான்) வேண்டாம், மேல்மண்ணைக் கீழே இழுத்துக்கொண்டு போகும். குழி வெட்டி, சுவரைச் சுரண்டிவிட்டு, அடியிலிருந்து மேலாக எடுங்கள். களிமண் வெடிப்புகளில் கறுப்புக் கோடாகச் சேறு இறங்கியிருந்தால் அதற்குத் தனிப் பை. துத்தநாகம் பூசிய வாளி கூடவே கூடாது, பூச்சு மாதிரியில் கலந்துவிடும்.

சுண்ணாம்பு: உலோகத்தின் மொத்த அளவு மட்டும் போதாது, பிஎச் (அமிலத்தன்மையின் அளவு; எண் குறைந்தால் அமிலம் அதிகம்) பாருங்கள். பைரைட் காற்றுப்பட்டால் அமிலம் கக்கும்; துத்தநாகமும் காட்மியமும் கரைந்து இறங்கும். கோடையில் மேலே பூக்கும் உப்பு முதல் மழையில் கரைந்துவிடும், அதனால் மாதிரி எடுத்த தேதியும் கடைசி மழையும் குறிப்பில் வேண்டும். சல்ஃபைடு கந்தகச் சதவீதத்தை 31.25-ஆல் பெருக்கினால் அந்த அமிலத்தை முறிக்க டன் மண்ணுக்கு எத்தனை கிலோ கால்சியம் கார்பனேட் (சுண்ணாம்பு) வேண்டும் என்று வரும். கை தாராளமாகிவிடக் கூடாது: பிஎச் மிகவும் ஏறினால் இரும்பு ஆக்சைடு பிடித்து வைத்த ஆர்சனிக் நழுவும். அங்கே சர்க்கரை ஆலைச் சுண்ணாம்போடு இரும்புச்சத்து மிகுந்த மண்ணையும் போட்டது இதற்காகத்தான்.

மண்வெட்டி: கையடக்க எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் கருவி) வைத்துச் சமாளிக்கலாமா? கட்டத்தை 50 மீட்டராக்கினால்?

களிமண்: இடம் தேட எக்ஸ்ஆர்எஃப் நல்லது. ஈர மண்ணில் குறைத்துக் காட்டும். ஈயம் அதிகமிருந்தால் கருவி பார்க்கும் ஆர்சனிக்கின் எக்ஸ்-கதிர்க் கோடு ஈயக் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். 40 டிகிரிக்குள் உலர்த்தி, 2 மி.மீ. சலித்து, ஒரு பகுதியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஒப்பிடுங்கள். ஆற்றுப் படிவுக்கு 63 மைக்ரான் சல்லடை. மணல் கலந்தால் எண் இறங்கும். ஒப்பீட்டு மாதிரியை (சேறு படாத மண்) ஆற்றின் மேற்பக்கத்தில் எடுத்தால் பழைய சுரங்கக் கழிவே உள்ளே வரும். வெள்ளம் ஏறாத, அதே இழைநயமுள்ள (மணல், களி விகிதம் ஒத்த) பக்கத்து மண்தான் சரி.

50 மீட்டரும் உதவாது. இயந்திரம் சேற்றை மண்ணோடு புரட்டிவிட்டதால் திட்டுகள் சில மீட்டர் அகலம்தான். நடந்து பாருங்கள்: புல் முளைக்காத வழுக்கைத் திட்டு கிடைத்தால் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று, பக்கத்துப் புல்லில் ஒன்று. மூன்றையும் கலந்துவிடாதீர்கள்.