ஆழ்கடலில் உறங்கிப்போன பேட்டரி: எங்கள் அனுபவங்கள்

கடலடியில் வைக்கும் அளவீட்டுக் கருவி ஒன்றுக்கு மின்கலத் தொகுதி அமைக்கும் பணியில் இருந்தபோது எனக்கு நேர்ந்ததைப் பகிர்கிறேன். ஏறத்தாழ 4000 மீட்டர் ஆழத்தில், 400 வளிமண்டல அழுத்தத்தின் கீழ், இரண்டு டிகிரிக் குளிரில் அது பதினான்கு மாதங்கள் இருந்தாக வேண்டும். ஆகவே, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சதவீத மின்சாரமே தானாக இறங்கும் லித்தியம் தயோனைல் குளோரைடு கலங்களைத் தேர்ந்தெடுத்து, டைட்டானியக் கூட்டுக்குள் அடுக்கினோம். தேவையைப் போல் ஒன்றரை மடங்கு கொள்ளளவும் வைத்தோம்.

மீட்கச் சென்ற நாளில், கப்பலிலிருந்து அனுப்பிய ஒலி அழைப்புக்குக் கருவி பதில் தரவில்லை. மறுநாள் மாலை வரை விடாமல் அழைத்த பிறகு ஒரே ஒரு பதில் வந்தது. கருவியைக் கடலடியில் பிடித்து வைத்திருந்த எடை கழன்று, கருவி மேலே வந்து சேர்ந்தது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். ஆனால் சில கலங்களை ஆய்வகத்தில் கடைசிவரை இறக்கிப் பார்த்தபோது, பாதிக்கு மேல் மின்சாரம் மிச்சம் இருந்தது தெரிந்தது.

லித்தியத்தின் மேல் படிந்து மின்னோட்டத்தைத் தடுக்கும் லித்தியம் குளோரைடு படலம்தான் காரணம். கலத்தைப் பல ஆண்டுகள் கெடாமல் காப்பதும் அதே படலம்தான். மாதக்கணக்கில் உறங்கிய கலத்திடம் திடீரென்று அதிக மின்னோட்டம் கேட்டபோது, 3.6 வோல்ட் ஒரு நொடிக்குள் 2.5 வோல்ட்டுக்குக் கீழே சரிந்து, பிறகு மெல்ல ஏறியதை மின்னழுத்த மாற்றத்தை வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பில் கண்ணால் பார்த்தேன். அந்தச் சரிவில் கட்டுப்பாட்டுச் சில்லு ஒவ்வொரு முறையும் அணைந்து மீண்டும் தொடங்கியிருக்கிறது. நாங்கள் ஓயாமல் அழைத்ததே படலத்தைச் சிறிது சிறிதாக உடைத்தது என்று கருதுகிறேன். இப்போது கலங்களுக்கு இணையாக மின்தேக்கி வைக்கிறோம். வாரம் ஒரு முறை சில நொடிகள் சுமை கொடுத்துக் கலங்களை எழுப்பவும் செய்கிறோம். இதனால் ஆயுள் குறையுமா என்பதே என் கேள்வி.

மறுமொழி

அஞ்ச வேண்டாம். வாரம் ஐந்து நொடி, 50 மில்லியாம்பியர் என்றால் ஆண்டுக்கு 4 மில்லியாம்பியர்-மணிகூட ஆகாது. எங்கள் கருவியைக் கெடுத்தது வேறு: மின்னழுத்தத்தை அளப்பதற்காகப் பலகையில் நிரந்தரமாக இணைத்திருந்த இரண்டு மின்தடைகள். ஒரு மில்லியாம்பியர்தானே என்று விட்டுவிட்டோம். ஓராண்டின் 8760 மணி நேரத்தில் அது 8.76 ஆம்பியர்-மணி, அதாவது டி அளவுக் கலத்தின் 19 ஆம்பியர்-மணியில் ஏறத்தாழ பாதி. இன்னொன்று, புதிய கலங்களில் செய்யும் சோதனையை நம்பாதீர்கள். பல மாதங்கள் சேமிப்பில் கிடந்த கலங்களைக் குளிரவைத்துச் சோதியுங்கள்.

மறுமொழி

கடலிலிருந்தே மின்சாரம் எடுக்க முயன்றவர்கள் நாங்கள். 2009இல் ஹவாய் அருகே இறக்கப்பட்ட, மூழ்கி மூழ்கி எழும் சோலோ-ட்ரெக் மிதவை, நீரின் வெப்பநிலை வேறுபாட்டால் ஒவ்வொரு மூழ்கலிலும் 1.7 வாட்-மணி ஈட்டியது. கடலடியில் ஒரே இடத்தில் நிற்கும் கருவிக்கு அந்த வேறுபாடு கிடையாது என்பதால், மின்சாரம் தரும் சேற்றுப் பாக்டீரியாக்களை நாடினோம். சேற்றில் புதைத்த கார்பன் தகட்டுக்கும் மேலே நீரில் நிறுத்திய தகட்டுக்கும் இடையே அரை வோல்ட் அளவுதான் கிடைத்தது; அதை உயர்த்தி மின்தேக்கியில் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தோம். நீரோட்டம் சேற்றை அரித்துத் தகட்டை வெளிக்காட்டிய நாளில், ஆக்சிஜன் பட்டு மின்னழுத்தம் அடியோடு விழுந்தது. இப்போது தகட்டை இன்னும் ஆழமாகப் புதைக்கிறோம். கருவியை மேலே விடுவிக்கும் சுற்றுக்கு மட்டும் தனி லித்தியம் கலம் வைத்திருக்கிறோம்.